ஐந்தரைக் கட்டையிலிருந்து நாலரைக்கு: ஏழு மாதப் பாட்டுச் சாதகக் குறிப்புகள்

மகள் கல்லூரி விடுதிக்குப் போனபின் அவளுடைய கீபோர்டு இரண்டு வருடம் பரணில் கிடந்தது. இந்தத் தை மாதம், பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது இறக்கித் துடைத்துப் பார்த்தேன். 61 கட்டைகளில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. எனக்கு வயது 44. எட்டு வயதில் மதுரையில் எங்கள் தெரு பாட்டு டீச்சரிடம் உட்கார்ந்து, வர்ணம் வரை வந்து, பத்தாம் வகுப்புத் தேர்வோடு நிறுத்தியவள். அதன்பின் வீட்டு விசேஷங்களில் ஒரு பாட்டு, நவராத்திரியில் இரண்டு பாட்டு, அவ்வளவுதான். சில வருடங்களாக அந்த இரண்டு பாட்டுக்கே தொண்டை எரிய ஆரம்பித்திருந்தது.

கீபோர்டைத் துடைத்த அன்றே இரண்டு காரியம் முடிவு செய்தேன். தொண்டை எரியாமல் இருபது நிமிடம் பாட வேண்டும். நானே வாசித்து நானே பாடும் அளவுக்குக் கீபோர்டு கற்க வேண்டும். இரண்டும் தனித்தனி வேலை என்றுதான் அப்போது நினைத்தேன். ஒரு நோட்டு போட்டு, தினமும் என்ன செய்தேன், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எழுதி வந்தேன். அந்த நோட்டிலிருந்து எடுத்து எழுதுவதுதான் இது.

முதல் வேலையாகப் போனில் பதிவு செய்தேன். பழைய நினைவில் ஐந்தரைக் கட்டை சுருதி (பாட்டுக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ளும் ஒலி உயரம்) வைத்து, தொடக்கப் பாடமான சரளி வரிசையின் முதல் மூன்றும் பாடி, அன்று இரவு கேட்டேன். ஒவ்வொரு வரிக்கு முன்னும் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. ஸ்வரங்கள் இறங்கி வரும் அவரோகணத்தில் தைவதம் (ஸ-ரி-க-ம-ப-த-நி என்ற ஏழில் 'த') வரும்போதெல்லாம் சுருதி சற்றே தொங்கியது. மேல் ஸட்ஜத்தை ('ஸ') தாண்டியதும் பாட்டு நின்று கத்தல் ஆரம்பித்தது. நாற்பது நொடிக்கு மேல் கேட்க முடியவில்லை. ஆனாலும் அந்தப் பதிவை அழிக்காமல் வைத்தேன். பின்னால் அதுதான் மிகவும் உதவியது.

சுருதியைத் தேடியது

ஐந்தரை என்பது என் பதினோரு வயதுக் குரலுக்கு டீச்சர் வைத்த அளவு. முப்பது வருடத்துக்குப் பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். கட்டை என்று நாம் சொல்வதே ஹார்மோனியத்திலிருந்து வந்த கணக்கு. ஸி என்ற வெள்ளைக் கட்டை ஒன்று, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. இடையில் உள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. அதனால் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்குத் தம் சுருதியைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு காலைப்பொழுது போதும்.

நான் செய்தது இப்படி. நடு ஸியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக, கறுப்பு வெள்ளை எதையும் விடாமல், கீழே இறங்கிக்கொண்டே 'ஆ' பாடினேன். எந்த இடம் வரை குரல் தெளிவாக நிற்கிறது, எங்கே வெறும் காற்றாகிறது என்று குறித்தேன். அப்புறம் அதேபோல் மேலே. எட்டிப் பிடித்த உச்சத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. நான்கு எண்ணிக்கை நேரம் முகம் கோணாமல் கார்வை (ஒரே ஸ்வரத்தை நீட்டுவது) நின்ற உச்சத்தை மட்டும் எடுத்தேன். மூன்று நாள், மூன்று வெவ்வேறு நேரத்தில் பார்த்தேன். கீழே, நடு ஸிக்கு ஒரு ஸ்தாயி (ஒரு ஸட்ஜத்திலிருந்து அடுத்த ஸட்ஜம் வரையுள்ள தூரம்) கீழேயுள்ள ஸி வரை தெளிவு. மேலே, நடு ஸிக்கு ஒரு ஸ்தாயி மேலேயுள்ள ஸி, அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை வரை நிம்மதி. அதற்கு மேல் டியில் கழுத்து நரம்பு புடைத்தது.

நம் பாட்டுக்கு மந்தர பஞ்சமத்திலிருந்து (கீழ் ஸ்தாயியின் 'ப') மேல் பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயி தேவை. ஐந்தரையில் என் மேல் பஞ்சமம் இரண்டரைக் கட்டையில், அதாவது டியையும் தாண்டிய கறுப்புக் கட்டையில் விழுகிறது. எனக்கு நிம்மதியான எல்லைக்கு இரண்டு கட்டை மேலே! கீழே மட்டும் இடம் மிச்சம் கிடந்தது. நாலரையில் வைத்தால் மந்தர பஞ்சமமும் மேல் பஞ்சமமும் ஒன்றரைக் கட்டைகளில், என் இரண்டு எல்லைக்குள்ளும் சரியாக உட்கார்ந்தன. கத்தல் என்று நான் நினைத்தது பாதிக்கு மேல் சுருதித் தேர்வால் வந்தது.

மனசு உடனே ஒப்பவில்லை. சுருதி இறங்குவது தோற்பதைப் போல இருந்தது. ஐந்தில் இரண்டு வாரம் பாடிப் பார்த்தேன். அந்த இரண்டு வாரத்தில் வேறு ஒரு விசித்திரம். சில நாள் ஸட்ஜம் சுகமாகச் சேரும், சில நாள் எவ்வளவு முயன்றாலும் ஒட்டாது. ஒரு நாள் பாடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று சேர்ந்தது. அந்த நொடியில்தான் பக்கத்தில் ஃப்ரிட்ஜ் நின்று அமைதியானதைக் கவனித்தேன். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதில் ஓடும் மோட்டார்களும் டிரான்ஸ்ஃபார்மர்களும் 100 அதிர்வில் ஒரு ரீங்காரம் கொடுக்கும். ஐந்துக் கட்டை ஸட்ஜத்தின் கீழ்ஸ்தாயி 98 அதிர்வு. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய அரைக் கட்டையில் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையேயுள்ள தூரம்) மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். என் ஸட்ஜத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஸட்ஜம் விடாமல் முனகிக்கொண்டிருந்திருக்கிறது, காது அதன்பக்கம் சாய்ந்திருக்கிறது. கீபோர்டைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து படுக்கையறைக்கு மாற்றினேன். மாசி பிறந்தபோது நாலரைக்கும் இறங்கிவிட்டேன்.

மேஜை, ஸ்டாண்டு, பெடல்

மேஜையை விட்டதற்கு வலது மணிக்கட்டு வலியும் ஒரு காரணம். மேஜை உயரம் 75 சென்டிமீட்டர், அதன்மேல் கீபோர்டு ஒரு 10. நாற்காலியில் நான் உட்கார்ந்தால் என் முழங்கை தரையிலிருந்து 68. கை மேல்நோக்கி ஏறி, மணிக்கட்டு மடிந்து, தோள்கள் காதுவரை தூக்கியிருந்தன. தோள் தூக்கியிருந்தால் பாட்டும் வராது. குறுக்காக மடங்கும் ஸ்டாண்டு ஒன்று வாங்கி, கட்டையின் மேற்பரப்பு 70-இல் நிற்கும்படி வைத்து, நாற்காலியில் ஒரு போர்வையை மடித்துப் போட்டேன். முன்கை தரைக்கு இணையாக வந்தது. வலி ஒரு வாரத்தில் போனது.

பெடல் தலைகீழாக வேலை செய்தது. காலை எடுத்தால் ஒலி நீண்டது, அழுத்தினால் நின்றது. பழுது என்று கடைக்கு எடுத்துப்போக இருந்தேன். பல கீபோர்டுகள் ஆன் செய்யும் நொடியில் பெடல் இருக்கும் நிலையைப் பார்த்துக்கொண்டு, அதையே அழுத்தாத நிலை என்று எடுத்துக்கொள்ளும். அணைத்துவிட்டு, பெடலைச் செருகி, கால் வைக்காமல் ஆன் செய்தேன். சரியாகிவிட்டது.

மூச்சு, ஸ்ட்ரா, நிலைக்கண்ணாடி

வீடியோ அழைப்பில் ஒரு வரி பாடிக் காட்டினேன். மகள் கேட்டாள்: "அம்மா, நீ மூச்சு இழுக்கிறப்ப தோள் ரெண்டும் ஏன் தூக்குது?" அடுத்த நாளே நிலைக்கண்ணாடிக்கு முன் நின்று பாடினேன். அவள் சொன்னது உண்மை.

தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் ஒரு கனமான புத்தகம் வைத்துக்கொண்டு மூச்சு விட்டேன். படுத்தால் தோள் தூக்காது. மூச்சு உள்ளே போகப் புத்தகம் மேலே எழும். உதரவிதானம் கீழே இறங்கி வயிற்றைத் தள்ளுவதுதான் அது. கீழ் விலா எலும்புகளும் பக்கவாட்டில் விரியும். கையை வைத்துப் பார்த்தால் தெரியும். இது புரிந்த பிறகும் என் பிரச்சினை தீரவில்லை. மூச்சு எடுப்பதில் இருந்த தவறு சின்னது, செலவழிப்பதில் இருந்தது பெரியது. முதல் ஸ்வரத்திலேயே பாதி மூச்சைக் கொட்டிவிடுவேன். அதற்கு 'ஸ்ஸ்ஸ்' என்று சீராக, கூடாமல் குறையாமல் விடும் பயிற்சி. முதல் நாள் 11 நொடி. ஆறு வாரத்தில் 24. நொடிக் கணக்கைவிட அந்தச் சத்தம் ஒரே தடிமனில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கடைசி மூன்று நொடியில் வயிற்றைப் பிழிந்து நீட்டினால் தொண்டை இறுகிவிடுகிறது, அதை நிறுத்திவிட்டேன்.

ஸ்ட்ரா பயிற்சி எனக்குப் பெரிய கொடை. அமெரிக்காவில் குரலியல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸே இதை விரிவாக ஆராய்ந்து பரப்பியவர். ஒரு டம்ளரில் பாதி தண்ணீர், ஜூஸ் ஸ்ட்ராவின் நுனி இரண்டு விரல்கடை தண்ணீருக்குள். உதட்டை ஸ்ட்ராவைச் சுற்றி மூடிக்கொண்டு 'ஊ' என்று பாட வேண்டும். தண்ணீர் சீராகக் குமிழ் விடும். வாய் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் காற்றின் அழுத்தம் கொஞ்சம் திரும்பிக் குரல்நாண்களுக்கு மேலே தங்குகிறது. அதனால் அவை ஓங்கி மோதாமல் மெதுவாக ஒட்டி அதிர்கின்றன. முதலில் ஸட்ஜத்தில் கார்வை, பிறகு ஸ-ப-ஸ, பிறகு மேல் ஸட்ஜத்திலிருந்து மேல் பஞ்சமம் வரை வழுக்கி ஏறி இறங்குவது. மொத்தம் ஐந்து நிமிடம். மேல் ரிஷபத்திலும் ('ரி') காந்தாரத்திலும் ('க') என் குரல் உடையும் ஓர் இடம் இருந்தது. ஸ்ட்ராவில் அந்த இடம் வழவழவென்று கடந்தது. ஸ்ட்ராவை எடுத்த உடனே அதே வழுக்கலை 'ஊ'வில், அப்புறம் 'ஓ'வில், கடைசியில் 'ஆ'வில் பாட வேண்டும். இடையில் வேறு வேலை பார்த்தால் தொண்டை பழையபடி இறுகிக்கொள்கிறது. 'ஆ'வில் அந்த இடம் சரியாவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. ஸ்ட்ரா இல்லாத பயணத்தில் உதட்டை 'ப்ர்ர்ர்' என்று அதிரவைத்துப் பாடுவேன், குழந்தைகள் எச்சில் தெறிக்கச் செய்வதுபோல. ஓரளவு அதே பலன்.

பாடிவிட்டு அழுத்துங்கள்

கீபோர்டுக்கு மாசியில் ஒரு டீச்சர் பிடித்தேன். பக்கத்துத் தெருவில் இருக்கும் இருபத்தாறு வயதுப் பெண், தேவாலயத்தில் வாசிப்பவர். வாரம் ஒரு வகுப்பு. இரண்டாவது வகுப்பில் நான் எப்படிச் சாதகம் (பயிற்சி) செய்கிறேன் என்று கேட்டார். கட்டையை அழுத்தி, ஒலியைக் கேட்டு, அதோடு சேர்ந்து பாடிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, அழுத்திட்டுப் பாடாதீங்க. பாடிட்டு அழுத்துங்க."

ஏழு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஒரு பாடத்தைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். ஒலியைக் கேட்டுவிட்டுப் பாடும்போது காது சோம்பேறியாக இருக்கும். கிடைத்ததைத் தொண்டை பின்பற்றும், அதுவும் சற்றுத் தாமதமாக, கீழிருந்து ஏறிப் பிடிக்கும். முதலில் பாட வேண்டும் என்றால் ஸ்வரம் மனசுக்குள் கேட்டாக வேண்டும். ஸட்ஜத்தை மட்டும் ஒருமுறை அழுத்திக் கேட்டேன். கையைக் கட்டையிலிருந்து எடுத்தேன். பஞ்சமத்தை மனசுக்குள் கேட்டு, பாடி, நிறுத்தாமல் நீட்டிக்கொண்டே பஞ்சமக் கட்டையை அழுத்தினேன். சரியாக இருந்தால் குரலும் கட்டையும் ஒன்றாகக் கரைந்து, யார் எது என்று தெரியாமல் போகும். தவறாக இருந்தால் உடனே உறுத்தும். முதல் நாள் ஏழு ஸ்வரத்தில் மூன்று உறுத்தின. தைவதம் எப்போதும் கீழே. முதல் பதிவில் கேட்ட தொங்கலுக்குக் காரணம் அகப்பட்டது: சரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளையின் தைவதம் பஞ்சமத்துக்கு அடுத்த கட்டையில் இருக்கிறது, இறங்கி வரும்போது என் காது பஞ்சமத்தை முன்கூட்டியே கேட்டு, தைவதத்தை அதன்பக்கம் இழுத்துவிடுகிறது. நி-த, நி-த என்று அங்கேயே நின்று நின்று பழகினேன். ஒவ்வொரு ஸ்வரத்தையும் இரண்டிரண்டு தடவை பாடும் ஜண்டை வரிசை இதற்கு மருந்துபோல வேலை செய்தது. இரண்டாவது தடவை அழுத்திப் பாடும்போது முதல் தடவையின் சோம்பல் திருந்துகிறது.

இதற்குப் பியானோ ஒலி உதவாது, அழுத்திய நொடியிலிருந்து தேய்ந்துகொண்டே போகும். ஆர்கன் ஒலி வைத்துக்கொள்ள வேண்டும், அதிலும் நடுக்கம் சேர்க்காத வகையைத் தேட வேண்டும். நாலரையில் பாடுவதற்குக் எல்லாக் கட்டைகளின் ஒலியையும் ஒருசேர ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானை மைனஸ் 6-இல் வைத்தேன். அப்போது நடு ஸியை அழுத்தினால் நாலரைக் கட்டை ஸட்ஜம் வரும், விரல் வெள்ளைக் கட்டை வரிசையிலேயே ஓடலாம். விரல் பயிற்சிக்கு மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுவேன். டீச்சருக்கு இந்தப் பொத்தான் பிடிக்காது. கறுப்புக் கட்டையில் விரல் ஓட எப்போது கற்பீர்கள் என்று கேட்டுக்கொண்டேயிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

காந்தாரம்

பங்குனியில் ஒரு வாரம் முழுவதும் காந்தாரத்தோடு போனது. பாடிவிட்டு அழுத்தினால் ஸட்ஜமும் பஞ்சமமும் கரைந்தன, காந்தாரம் கரையவில்லை. என் குரலும் கட்டையும் சேர்ந்து 'வா-வா-வா' என்று அலையடித்தன. நான் தாழ்வாகப் பாடுகிறேன் என்று எண்ணி உயர்த்தினேன். கட்டையோடு சேர்ந்தது. ஆனால் அதே காந்தாரத்தைப் போனில் ஓடும் தம்புராவோடு பாடினால் புளித்தது. எது சரி?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கீபோர்டு ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காக வெட்டியிருக்கிறது. எந்தக் கட்டையை ஸட்ஜமாக வைத்தாலும் ஒரேமாதிரி ஒலிக்க அது தேவை. அதற்குக் கொடுக்கும் விலை காந்தாரத்தில் விழுகிறது. தம்புராவின் ஸட்ஜத் தந்தியை மீட்டும்போது கூடவே மெல்லிய மேலொலிகளும் எழும்; அடிப்படை ஒலியையும் சேர்த்து எண்ணினால் ஐந்தாவது, அந்தர காந்தாரமாக (நான் பாடிய அதே காந்தாரம்) தானாகவே எழும். அது ஸட்ஜத்துக்கு ஐந்துக்கு நான்கு என்ற விகிதம். என் ஸட்ஜம் 185 அதிர்வு. அதற்கு இந்த விகிதத்தில் வரும் காந்தாரம் 231¼. கீபோர்டு கொடுப்பது 233. நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அலை, நான் கேட்ட 'வா-வா' அதேதான். அரைக் கட்டையை 100 பங்காக்கினால் கீபோர்டின் காந்தாரம் 14 பங்கு உயரம். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 பங்குதான், காதுக்குத் தெரியாது.

இது தெரிந்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தையில்லை. என் காது தம்புராவின் காந்தாரத்தைத் தேடிப் போயிருக்கிறது! முப்பது வருடத்துக்கு முன் டீச்சர் தம்புராவை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேளு என்று சொல்லிச் சொல்லி ஏற்றியது உள்ளே அழியாமல் இருந்திருக்கிறது. அகில இந்திய வானொலி 1940-இல் ஹார்மோனியத்தை விலக்கி வைத்து, 1971 வரை அந்தத் தடையைத் தளர்த்தாமல் இருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில், இந்தச் சமப் பங்குச் சுருதியும், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் வராததும் இருந்தன. அத்தனை வருடம் தள்ளி வைத்தது அதிகம் என்பது என் எண்ணம். ஆனால் அவர்கள் காதில் பட்டது என்னவென்று இப்போது எனக்குத் தெரிகிறது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் கட்டையோடு சரிபார்ப்பேன். காந்தாரத்தைத் தம்புராவோடு. சினிமாப் பாட்டை நானே வாசித்துப் பாடும்போது மட்டும் காந்தாரத்தைக் கட்டையின் பக்கம் ஏற்றிக்கொள்வேன், இல்லாவிட்டால் கூட்டு ஒலியில் (பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தும் கார்டில்) குரல் தனியாகத் துருத்தும்.

விரல்

விரலைப் பற்றி நோட்டில் நிறைய இருக்கிறது, சொல்ல வேண்டியது கொஞ்சம். கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5, இரண்டு கைக்கும். வலது கையில் ஸி மேஜர் (ஸியிலிருந்து வெள்ளைக் கட்டைகள் மட்டும்) ஏறும்போது 1-2-3, அப்புறம் கட்டைவிரல் உள்ளே புகுந்து 1-2-3-4-5. இடது கை 5-4-3-2-1, பிறகு நடுவிரல் மேலே தாண்டி 3-2-1. கட்டைவிரல் உள்ளே புகும்போது என் முழங்கை இறக்கைபோல் வெளியே எழுந்தது. ஆள்காட்டி விரல் அழுத்திய உடனேயே கட்டைவிரலை நகர்த்தத் தொடங்கினால் முழங்கை எழ வேண்டிய அவசியமே இல்லை. தட்டு எண்ணித் தரும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60-இல், ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டு வாரம்.

கையோடு புரிந்த ஓர் அழகு உண்டு. புரந்தரதாசர் வழியாக வந்ததாகச் சொல்லப்படும் நம் ஆரம்பப் பாடங்கள் ஏன் மாயாமாளவகௌளையில் இருக்கின்றன என்று நான் யோசித்ததே இல்லை. கட்டையில் வைத்தால் கண்ணுக்கே தெரிகிறது. ஸி, அடுத்த கறுப்பு, ஈ, எஃப். பிறகு ஜி, அடுத்த கறுப்பு, பி, ஸி. ஒட்டி ஒன்று, தாண்டி ஒன்று, ஒட்டி ஒன்று. மேலே மறுபடி அதே. 1-2-3-4, 1-2-3-4 என்று கை அப்படியே இடம் மாறி அமர்கிறது. டீச்சரிடம் காட்டினேன். அவர் மேற்கத்திய முறையில் மட்டுமே படித்தவர். நான்கு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, இது எந்த ராகம் என்று எழுதிக்கொண்டார்.

தாளம் போட்ட கை

சித்திரை, வைகாசி இரண்டும் பாடிக்கொண்டே வாசிப்பதில் போயின. தனியாகப் பாடினால் சரி, தனியாக வாசித்தால் சரி, சேர்த்தால் நான்காவது ஆவர்த்தத்தில் (தாளச் சுற்றில்) எல்லாம் கலைந்துவிடும். கைகளுக்கு ஒருங்கிணைப்பு இல்லை என்று நினைத்து விரல் பயிற்சியைக் கூட்டினேன். பலனில்லை. காரணம் ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு பாடியபோது தெரிந்தது. கீபோர்டே இல்லாமல், கை மட்டும் கட்டியிருந்தால்கூட எனக்கு லயம் நழுவியது. சிறுவயதிலிருந்து என் ஆதி தாளம் வலது தொடையில் இருந்தது. கையைப் பிடுங்கிக் கட்டைமேல் வைத்ததும் தாளம் போக இடமில்லை.

அதனால் தாளத்தைக் காலுக்கு மாற்றினேன். இடது குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தால் தட்டுவது. எட்டு எண்ணிக்கையில் 1, 5, 7 மட்டும் சற்று ஓங்கி. பதினைந்து நாள் கீபோர்டைத் தொடவேயில்லை. காலில் தாளம், வாயில் அலங்காரம் என்ற பயிற்சி வரிசை, கை மடியில் சும்மா. பிறகு இடது கையில் ஸ-ப மட்டும், சமத்துக்கு (தாளச் சுற்று தொடங்கும் இடத்துக்கு) ஒரு தடவை. அதன்பிறகு கலையவில்லை. கர்நாடக இசை கற்று, கீபோர்டில் தடுமாறும் யாருக்கும் இதை முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன்.

கூட்டு ஒலிக்கு அம்மா பாடிய ஒரு தாலாட்டை எடுத்துக்கொண்டேன், சங்கராபரண ஸ்வரங்களுக்குள்ளேயே (கீபோர்டில் ஸி மேஜர்) அடங்கும் எளிய மெட்டு. இடது கையில் அடி ஸ்வரம் ஒன்று. வலது கையில் ஸி-ஈ-ஜி. எஃப் கார்டுக்குப் போகும்போது கையைத் தூக்கிக் குதிக்கத் தேவையில்லை. கட்டைவிரல் ஸியிலேயே இருக்க, மற்ற இரண்டும் ஒரு வெள்ளைக் கட்டை ஏறினால் ஸி-எஃப்-ஏ. ஜி கார்டுக்குச் சுண்டுவிரல் இருந்த இடத்திலேயே இருக்க, மற்ற இரண்டும் ஒரு கட்டை இறங்கினால் பி-டி-ஜி. கண் கட்டையைவிட்டு எழுந்தது, பாட்டில் கவனம் வந்தது. இதே மூன்று கார்டையும் மாயாமாளவகௌளைக்கு வைக்கப் பார்த்தேன். அந்த ராகத்தில் டி கிடையாது, ஏ கிடையாது, அவற்றின் பக்கத்துக் கறுப்புக் கட்டைகள்தான் உண்டு. ரிஷபமும் தைவதமும் இடித்தன. அதற்கு ஸ-ப போதும் என்று விட்டுவிட்டேன். கமகம் உள்ள இடங்களில் கட்டையைத் தொடுவதே இல்லை.

தொண்டை

ஆனியில் பத்து நாள் காலைக் குரல் கரகரப்பாகவே இருந்தது. பழைய பயம் வந்துவிட்டது. காது மூக்குத் தொண்டை மருத்துவர் மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார். திரையில் என் குரல்நாண்களை நானே பார்த்தேன். வெண்மையாக இரண்டு விளிம்புகள், மூச்சுக்கு விரிந்து, 'ஈ' சொன்னதும் சேர்ந்தன. 1854-இல் மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் சின்னக் கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் தொண்டையில் இதைப் பார்த்தார் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தது.

கட்டி எதுவும் இல்லை. இரவு பத்துக்குச் சாப்பிட்டு உடனே படுப்பதால் அமிலம் மேலே வருகிறது என்றார். சாப்பாட்டை ஏழரைக்கு மாற்றினேன். அதோடு ஒரு பழக்கத்தையும் கவனித்து நிறுத்தினேன்: பாடுமுன் தொண்டையைச் செருமுவது. ஒவ்வொரு செருமலும் அந்த இரண்டு விளிம்புகளையும் ஓங்கி அறைகிறது. இப்போது செருமத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர் விழுங்குவேன். அந்தத் தண்ணீர் குரல்நாணைத் தொடுவதில்லை, உணவுக்குழாய்க்குத்தான் போகிறது. விழுங்கும் செயலே செருமல் எண்ணத்தை அடக்கிவிடுகிறது. மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் போய்க் காட்டிவிடுங்கள்.

இப்போது ஆடி. காலை ஐந்தரைக்கு ஸ்ட்ரா ஐந்து நிமிடம், மந்தர ஸ்தாயியில் கார்வை ஐந்து, பாடி-அழுத்தி பத்து. மாலையில் கீபோர்டு அரைமணி. மகள் விடுமுறையில் வந்திருந்தபோது தை மாதப் பதிவையும் போன வாரப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். முதலாவதைக் கேட்டுவிட்டு, "இது யாரும்மா?" என்றாள். போன வாரப் பதிவில் மேல் பஞ்சமம் எட்டு எண்ணிக்கை நிற்கிறது. தைவதம் ஐந்தில் நான்கு தடவை சரி. நான்காவது வரிசையில் மட்டும் இன்னும் தொங்குகிறது, அங்கே மூச்சும் தீர்ந்துபோகிறது. வரியை இரண்டாகப் பிரித்து எடுக்கலாமா என்று பார்க்க வேண்டும். டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தொடாமல், நாலரைக் கட்டையிலேயே, கறுப்புக் கட்டைகளில் விரல் வைத்துத் தாலாட்டை வாசிப்பது என்று டீச்சரோடு பேசியிருக்கிறேன். நேற்று முதல் இரண்டு வரி வந்தது.